லைன் வீட்டு லிமிட்டரும் ஞானமுத்து ஃபோர்மேனும்

போன மாதம் என் மருமகன் தன் டூரிஸ்ட் வேனைப் பொள்ளாச்சியில் சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்தார். வந்ததும் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அந்த வேன் எண்பதுக்கு மேல் போகாது. சட்டப்படி வேகத்துக்கு ஒரு எல்லை வைத்து, அதை வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். பொள்ளாச்சியில் யாரோ ஒருவர் லேப்டாப்பைச் செருகிப் பத்து நிமிஷத்தில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறேன் என்றிருக்கிறார்.

“ஏனுங்க மாமா, நீங்க ஆயுசு பூரா கரண்டு வேலை பாத்தவருங்க. அதை எடுத்துப்போட்டா தப்புங்களா?”

நான் தொண்டையைச் செருமியதுமே சமையலறையிலிருந்து என் மகளின் குரல் வந்தது. “அப்பாட்ட கேட்டா பதில் வராது, கதைதான் வரும். வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க.”

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில், மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மனிதனுக்கு இதற்கெல்லாம் கோபம் வரக் கூடாது. ஆனால் எனக்கு வந்தது. அவர் போனதும் ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். மகள் சொன்னது உண்மைதான். இது கதையாகத்தான் வருகிறது.

நான் பிறந்தது தேவிகுளத்துக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்கள். சித்திரபுரத்தில் கரண்ட்காரர்களின் குவார்ட்டர்ஸுக்கு வயரிங் செய்த ஒரு கான்ட்ராக்டரிடம் இரண்டு வருஷம் ஏணி சுமந்தேன். சுவரில் ஓட்டை போடவும், ஷாக் அடித்தால் அடிக்காத மாதிரி நிற்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். பிறகு பரீட்சை எழுதி வயர்மேன் பெர்மிட் வாங்கினேன். எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் எஸ்டேட்டின் எலெக்ட்ரிக்கல் பிரிவிலேயே வேலை கிடைத்தது. அந்தப் பெர்மிட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குக்கூடப் போயிருக்கிறேன். அதைக் கேட்டுப் பார்க்க கோயிலில் ஆள் இல்லையே என்றுதான் வருத்தம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஞானமுத்து ஃபோர்மேன். ஒல்லியான மனிதர், காக்கிக் கோட்டு, மூக்குநுனியில் கண்ணாடி. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. திட்ட வேண்டும் என்றால் நம்மைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் எவ்வளவு நேரம் துடைக்கிறார் என்பதை வைத்து நம் குற்றத்தின் அளவை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு முறை நான் நியூட்ரல் வயரை இடம் மாற்றிக் கொடுத்ததற்கு, ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம் துடைத்தார்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு வேனிலும் வாஷிங் மெஷினிலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிற கட்டுப்பாடு, அந்தக் காலத்தில் எங்கள் லைன்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் இரும்புப் பெட்டியாகத் தொங்கியது. லிமிட்டர் என்று பெயர். லைன் வீடுகளுக்கு விளக்குக்கு மட்டும்தான் கரண்ட், அதுவும் வீட்டுக்கு அறுபது வாட் என்று எஸ்டேட்டுக்குக் கிடைத்த அனுமதியில் எழுதியிருந்தது. பெட்டிக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு தகடு இருக்கும். அறுபதுக்கு மேல் இழுத்தால் தகடு சூடாகி வளைந்து கரண்டை வெட்டும். ஆறியதும் நிமிர்ந்து மறுபடியும் கொடுக்கும். அதிகமாக இழுப்பவர் வீட்டு விளக்கு விட்டு விட்டு எரியும். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கண்ணடிப்பெட்டி.

அதை ஏமாற்ற எங்கள் ஆட்கள் செய்யாத வித்தை இல்லை. ஈரச்சாக்கைப் பெட்டி மேல் போர்த்தினால் தகடு சூடாக நேரம் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். மழைக்காலத்தில் பெட்டிக்கே சோம்பல் வந்துவிடும் என்பதையும் கண்டுபிடித்தார்கள். ஒரு லைனுக்கே சேர்த்து ஓர் எலெக்ட்ரிக் இஸ்திரிப்பெட்டி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அது வீடு வீடாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குச் சட்டை தேய்க்க வேண்டுமே. விளக்கு ஒரு முறை கண்ணடிப்பதற்குள் ஒரு கை, அடுத்த முறைக்குள் காலர் என்று தேய்த்துக்கொள்வார்கள். அது எந்த வீட்டில் இருக்கிறது என்று ரோட்டிலிருந்தே சொல்லிவிடலாம். ஃபோர்மேன் சனிக்கிழமை சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

ஆனால் சீல் விஷயத்தில் அவரிடம் விளையாட முடியாது. பெட்டியின் மூடியில் ஒரு கம்பியைக் கோத்து, கம்பியின் முனையில் ஓர் ஈயக்குண்டை வைத்து, அதைக் குறட்டால் அமுக்கினால் எண் பதியும். அந்தக் குறடு அவர் கோட்டுப் பையைவிட்டு வெளியே வந்தால் அவர் கையில்தான் இருக்கும். சீல் வைக்கும் முன் ஒவ்வொரு பெட்டியையும் சோதிப்பார். நாற்பது வாட் பல்பைப் போடுவார், எரிய வேண்டும். அறுபதைப் போடுவார், அதுவும் எரிய வேண்டும். பிறகு நூறைப் போட்டு, பெட்டியில் காதை வைத்து, ஒன்று, இரண்டு என்று மெல்ல எண்ணுவார். தகடு வெட்டும் சத்தம் கேட்டதும் குழந்தைக்கு முதல் பல் தெரிந்த மாதிரி முகம் மலரும். பிறகு ஈயம், குறடு. பிறகு ரிஜிஸ்டர். வீட்டு எண், ஈயத்தின் எண், தேதி, காரணம் என்று நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்தையும் அவர் காலியாக விட்டு நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு முறை சர்க்காரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து சீல்களைப் பார்ப்பார். சீல் உடைந்திருந்தால் அந்த லைனைப் பார்த்துக்கொள்ளும் வயர்மேனின் பெர்மிட் போய்விடும்.

ஏழாம் நம்பர் லைன் என் பொறுப்பு. பத்து வீடுகள். ஒரு வருஷம் ஆனி மாத மழையில் நான்காம் வீட்டுப் பேச்சிக்கு எட்டு மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. எஸ்டேட் டிஸ்பென்சரி நிறையத் தட்டம்மைப் பிள்ளைகள். நர்ஸம்மா நேராகச் சொல்லிவிட்டார்.

“இங்க வச்சிருந்தா தட்டம்மை ஒட்டிக்கும். வீட்டுலயே வைங்க. அடுப்புப் புகை ஆகாது. பொட்டிக்குள்ள படுக்க வச்சி மேல பல்பைத் தொங்கவிடுங்க. எறநூறு வாட்டாவது வேணும். ராவும் பகலும் சூடு கொறையக் கூடாது. கொறைஞ்சா பிள்ளை தங்காது.”

பேச்சியின் புருஷன் மாசானம் தொழிற்சாலையிலிருந்து ஒரு தேயிலைப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. சூட்டைப் பிடித்து வைப்பதற்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. ஆனால் பல்பு? அறுபது போட்டால் குழந்தையின் கால் சில்லென்று இருக்கிறது. நூறு போட்டால் பெட்டி கண்ணடிக்கிறது. விளக்கு அணையும் ஒவ்வொரு முறையும் பேச்சி என்னையே பார்த்தாள்.

நான் ஆபீஸுக்கு ஓடினேன். ஃபோர்மேன் முழுவதும் கேட்டார்.

“சீலை எடுக்க முடியாதுலே. அந்த லைன்ல ஓடுறது பழைய ரப்பர் வயரு. நீயே பாத்துருக்க.”

“பிள்ளை செத்துப்போகும்யா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு உயிர் அங்கே ஊசலாடுகிறது, இந்த மனிதர் கண்ணாடி துடைக்கிறார். அவர் துடைத்து முடிக்கும்வரை நிற்காமல் நான் திரும்பி நடந்தேன். அவர் எனக்கு ஏதாவது சொல்ல நினைத்தாரா, யோசித்துக்கொண்டிருந்தாரா என்று பார்க்கும் பொறுமை அந்த வயதில் எனக்கு இல்லை.

நேராக நான்காம் வீட்டுக்குப் போய்க் கட்டிங் பிளையரால் சீல் கம்பியை வெட்டினேன். மூடியைத் திறந்து, தகட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு துண்டு வயரைப் போட்டு இணைத்தேன். இரண்டு நூறு வாட் பல்புகளும் நின்று எரிந்தன. பேச்சி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் ஏதோ கர்த்தரின் வலதுகை மாதிரி நிமிர்ந்து நடந்தேன்.

இரண்டு நாள் எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில், நான் செய்த காரியத்தில் நான் நினைக்காத ஒன்று நடந்தது. மாசானம் நல்லவன், பாசக்காரன். பெட்டி இப்போது எதற்கும் வெட்டாது என்று தெரிந்ததும் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. குழந்தையைத் துடைக்க வெந்நீர் வேண்டும், அடுப்பு மூட்டினால் புகை. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் சமையல்காரனிடம் ஒரு ஹீட்டர் அடுப்பை இரவல் வாங்கி வந்து செருகிவிட்டான். லைன் முழுவதற்குமான ஃபியூஸ் அதைத் தாங்கிக்கொண்டது. அந்தப் பழைய வயர் தாங்கவில்லை. தேயிலைப் பெட்டிக்கு நேர் மேலே, உத்திரத்தில் ஓடிய வயரிலிருந்து புகை கிளம்பியது. நூல் சுற்றிய ரப்பர், கருகிக் கருகிச் சொட்டியது. ஒரு சொட்டு பெட்டியின் விளிம்பில் விழுந்தது.

குழந்தையை அள்ளிக்கொண்டு முதலில் வெளியே ஓடி வந்தது பக்கத்து வீட்டு ஆரோக்கியம் அக்கா. கொழுந்துக் கூடையோடு வேலைக்குக் கிளம்பியவள், கூடையை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்வதற்குள் ஃபோர்மேன் மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டு அங்கே நின்றுகொண்டிருந்தார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் மைதானத்திலிருந்தே புகையைப் பார்த்துவிட்டாராம். ஆரோக்கியம் அக்கா குழந்தையைத் தன் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே கம்பளியைச் சுற்றிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் என் துண்டு வயரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. துண்டு வயரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, மூடியை மூடி, புது ஈயம் வைத்து அமுக்கினார். பிறகு கேட்டார்.

“இந்த லைன்ல எத்தனை வீடுலே?”

“பத்துய்யா.”

“பெட்டி வீட்டுக்கு அறுபது குடுக்கும். அதுகிட்டப் போய் எறநூறு குடுன்னு சண்டை போட்டா எப்படி? பத்துப் பெட்டி தொங்குதுல்லா. நாலு பெட்டிகிட்டக் கேப்போம்.”

நான் இரண்டு வருஷம் ஏணி சுமந்து, பரீட்சை எழுதிப் பெர்மிட் வாங்கியவன். எனக்கு இது தோன்றவில்லையே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவரே வீடு வீடாகப் போய்க் கேட்டார். பக்கத்து மூன்று வீட்டாரும் தங்கள் பல்பைக் கழற்றிக் கையிலேயே கொடுத்தார்கள். ஸ்டோரிலிருந்து புது வயர் எடுத்து, கூரை இறவாரத்தை ஒட்டிப் பீங்கான் குமிழ்களில் இழுத்து, ஒவ்வொரு வயரிலும் எந்த வீட்டுடையது என்று தகரத்தில் எண் அடித்துத் தொங்கவிட்டோம். நான்கு வீடு, நான்கு அறுபது. மத்தியானத்துக்குள் தேயிலைப் பெட்டிக்குள் சூடு நின்றது. நர்ஸம்மா வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப சரி” என்றார்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம். ஏழாம் லைனின் மற்ற ஆறு வீட்டுக்காரர்கள். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நிற்கிறார்கள்.

“எங்க வீட்டுப் பல்புக்கு என்ன கொறை?” என்று பத்தாம் வீட்டு மனிதர் கேட்டார். “அவுக வீட்டுக் கரண்டு மட்டும் பிள்ளைக்கு ஆகும், எங்க கரண்டு ஆகாதா?”

வயர் நீளம் போதாது என்று நான் விளக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் ஃபோர்மேன் இன்னும் ஒரு சுருள் வயர் எடுத்துக் கொடுத்து, எந்த நாள் எந்த மூன்று வீடு இருட்டு என்று ஒரு முறைப்பட்டியல் எழுதி, லைன் முனையில் ஒட்டினார். இருட்டு முறை வந்த வீட்டுக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டார்கள். அந்த மாதம் சனிக்கிழமைகளில் ஏழாம் லைனில் ஒரு விளக்கும் கண்ணடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கசங்கிய சட்டையோடு கோயிலுக்கு வந்தார்கள். அவ்வளவு அழகான சட்டைகளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மூன்றாம் வாரம் ரோடு திறந்தது. முதல் ஜீப்பிலேயே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார்.

மலையாளக்காரர், தமிழும் கலந்து பேசுவார். இறவாரத்து வயர்களைப் பார்த்ததும் நின்றார். ஒரு வீட்டுக் கரண்டை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் விதிதான். இது யாருடைய வயர் என்று கேட்டார். ஆரோக்கியம் அக்கா முன்னே வந்தாள்.

“எங்க வீட்டு வயருங்கய்யா.”

“இது வேறே வீடல்லே?”

“வேற வீடு எப்படிங்கய்யா ஆகும்? பிள்ளை இங்கதான கெடக்கு.”

அவர் குனிந்து உள்ளே போனார். தேயிலைப் பெட்டிக்குள் நான்கு பல்புகளுக்குக் கீழே, பஞ்சுக்கு நடுவே, சிவந்த முகத்தோடு அது தூங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வெளியே வந்து, “சிகிச்சைக்காகத் தற்காலிக ஏற்பாடு, ஃபோர்மேன் மேற்பார்வையில்” என்று தன் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு ரிஜிஸ்டரைக் கேட்டார். பக்கம் புரட்டிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது.

“நாலாம் வீடு. புதிய ஈயம். காரணம் எழுதியிட்டில்லல்லோ, ஞானமுத்தே?”

எட்டிப் பார்த்தேன். அவர் கையெழுத்தில் வீட்டு எண் இருந்தது, ஈயத்தின் எண் இருந்தது, தேதி இருந்தது. நான்காவது கட்டம் வெள்ளையாக இருந்தது. ஃபோர்மேன் வாயைத் திறந்தார்.

அந்த வெள்ளைக் கட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை. “நான்தான் சார் வெட்டினேன்” என்றேன். துண்டு வயர், ஹீட்டர், புகை எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகையும் கூட வந்தது. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கையை நீட்டினார். சட்டைப் பையிலிருந்து பெர்மிட்டை எடுத்துக் கொடுத்தேன். மூன்று மாதம் நிறுத்தம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த மூன்று மாதமும் மறுபடி ஏணி சுமந்தேன். இன்னொரு வயர்மேன் மேலே ஏறுவான், நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஃபோர்மேன் தினமும் சாயங்காலம் ஏழாம் லைனுக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். பல்புகள் நான்கிலிருந்து மூன்றாயின, இரண்டாயின. குழந்தையைத் தொழிற்சாலைக்குத் தூக்கிப்போய்த் தேயிலைத்தூள் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தார்கள். தூளின் தரம் பார்க்கும் டீமேக்கர், “நல்ல கிரேடு” என்றார். நாற்பது நாள் கழித்துக் கடைசிப் பல்பையும் கழற்றினோம். பேச்சி ஒவ்வொரு பல்பையும் முந்தானையில் துடைத்து, எண் பார்த்து, அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளை தங்கிவிட்டது.

ஐப்பசியில் என் பெர்மிட் திரும்பி வந்தது. ஃபோர்மேன் அதை மேஜை மேல் வைத்து என் பக்கம் தள்ளினார். ஆபீஸில் வேறு யாரும் இல்லை. மூன்று மாதமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அய்யா, அன்னைக்கு அந்தக் கட்டத்த ஏன் காலியா விட்டீக?”

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இந்த முறை நான் திரும்பி நடக்காமல் நின்றேன்.

“எழுதணும்னா உள்ளதத்தான் எழுதணும். பொய்ய எழுத எனக்குக் கை வரலலே. வாயால சொல்லிக்கிடுவோம்னு விட்டேன்.”

“என்னன்னு சொல்லப் போனீக?”

“நான்தான் வெட்டினேன்னு. மூணு வாரம் தனியா இருக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்தேன். வாயத் தொறந்தேன். நீ முந்திக்கிட்ட.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அன்றைக்கு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

“இருபத்தெட்டு வருஷ சர்வீசுல ஒரே ஒரு பொய் சொல்லலாம்னு நெனைச்சேன். அதையும் சொல்ல விடல நீ” என்றார்.